மூணு பெடல்

கைய எடுங்க அம்மணி. துணியத் தூக்கிட்டு பானெட்டு மேல கைய வெக்காதீங்க. மோதிரம் போட்ட கை, கோடு விழுந்துச்சுன்னா யாரு பொறுப்பு? கேட்டத் தொறந்து விட்டது என் தப்பு. பெல் அடிச்சீங்க, கொரியர்காரன்னு நெனச்சுத் தொறந்துட்டேன்.

காரு பாக்க வந்தீங்களாக்கும். பாத்தாச்சில்லீங்க? போயிட்டு வாங்க. இது விக்கறதுக்கு இல்லீங்க. நெட்டுல போட்டிருந்தா போட்டிருக்கட்டும். போட்டது என் சம்சாரம், நானு போடல. இந்த ஊட்டுல எத விக்கோணும், எத வாங்கோணும்னு முடிவு பண்றது நானு. இந்தக் கணபதி ஏரியாவுல சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, பம்பு மோட்டாரு சென்னியப்பன்னு, யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க.

ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா? காரு வாங்கற விசயத்துக்குப் பொம்பளையத் தனியா அனுப்பிருக்காரு. நல்ல மனுசன். நாளைக்கு ஏமாந்துட்டு வந்தீங்கன்னா அவருதான் தலையில கைய வெச்சு உக்காரோணும்.

என்ன, அவ வர்றவரைக்கும் இருக்கறீங்களா? அவ அன்னூருக்கு, அவ அக்கா ஊட்டுக்குப் போயிருக்கறா. எப்ப வருவாளோ. சரி உக்காருங்க. அந்தச் சேருல உக்காருங்க, இதுல நானு கால நீட்டோணும். மூட்டுல ஒண்ணும் இல்லீங்க. டாக்டரு ஏதோ படம் எடுத்துப் பாத்தாரு, தேஞ்சிருக்குதுன்னாரு. எல்லாத்துக்கும் அதத்தான் சொல்றாங்க. நானு நடந்த கதையச் சொல்றேன், கேளுங்க. கேட்டீங்கன்னா நீங்களே வேண்டாமுங்கன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க.

இவ பேரு மரகதம். அன்னூர்ப் பக்கம் ரோட்டு மேல அவங்க அப்பன் பூமி இருந்துச்சு. அவ அண்ணன் நல்லவன், அத வித்த பணத்துல பொண்ணுங்களுக்கும் பங்குன்னு கூப்புட்டுக் குடுத்துட்டான். நானு என்ன நெனச்சேன்? கடைக்குப் பின்னால இருக்கற எடத்த வாங்கிப் போடலாம்னு நெனச்சேன். பொங்கியண்ணன்னு என் சேக்காளி ஒருத்தர் இருக்காரு, அவருகிட்டப் பேசிக்கூட வெச்சுட்டேன். ஒரு நாளு மத்தியானம், ரசத்த ஊத்திக்கிட்டே சொல்றா, "நானு ஒரு காரு வாங்கப் போறேனுங்க மாமா." சரி, நம்ம பழைய காருக்கும் வயசாயிருச்சு, வாங்கட்டும்னு நெனச்சு, "என்ன காரு?"ன்னேன். "ஸ்போர்ட்ஸ் காரு"ங்கறா.

அவளுக்கு வயசு அம்பத்தாறு அம்மணி. சக்கரை இருக்குது. ஸ்போர்ட்ஸ் காரு!

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரசம் மூக்குல ஏறிருச்சு. "அதுல ரெண்டே சீட்டு இருக்கும், தெரியுமா? மூணாவது ஆளு ஏற முடியாது. அது ஒரு காராக்கும்?"ன்னேன். "அதுக்குத்தானுங்க. பின்னாடி போயி உக்காருன்னு யாரும் சொல்ல முடியாதில்ல"ன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எங்க காருல பின் சீட்டு நல்ல அகலமான சீட்டுங்க. பொங்கியண்ணன் வந்தா முன்னால உக்காருவாரு, எங்களுக்கு வழிநெடுகப் பேச்சு இருக்கும். என் தம்பி வந்தா அவன் உக்காருவான். இவ பின்னால காத்தாட உக்காந்துட்டு வருவா. முப்பத்தி மூணு வருசமா அப்படித்தான் போறோம். ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னாளா?

அப்பறம் நானே யோசிச்சேன். வாங்கட்டுமே. ஓட்டப் போறது யாரு? நானு. காலேஜு வயசுல ரேசு பாக்கப் போயி, வேலி மேல தொத்திக்கிட்டு நின்னவன் நானு. கியரக் கொறைக்கற அந்தச் சத்தத்துக்கு, பாருங்க, இப்பக்கூட மயிரு சிலுத்துக்குது. பொங்கியண்ணங்கிட்டச் சொன்னேன், கடைப் பசங்ககிட்டச் சொன்னேன், பேக்கரியில சொன்னேன். எல்லாரும், "அண்ணா, மொத ரவுண்டு என்னத்தான் கூட்டிட்டுப் போகோணும்"னு நிக்கறாங்க.

ஷோரூமுக்குப் போனோம். அருள்ராஜுன்னு ஒரு தம்பி, டை கட்டிக்கிட்டு, "சார், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?"ன்னு கேட்டான். என்னப் பாத்துத்தான் கேட்டான். நானு, "மேனுவல்"னேன். அதே நேரத்துல இவ, "ஆட்டோமேட்டிக்"னா. சத்தமாக்கூடச் சொல்லல. அந்தத் தம்பி எங்க ரெண்டு பேரு மூஞ்சியயும் மாறி மாறிப் பாத்துட்டு, "டீ சொல்லட்டுமா சார்?"னு எந்திரிச்சுப் போயிட்டான்.

அம்மணி, நீங்களே சொல்லுங்க. ஸ்போர்ட்ஸ் காருல ஆட்டோமேட்டிக்கு வாங்குவாங்களா? ஆட்டோமேட்டிக்குன்னா கிளட்ச்சு கெடையாது, ரெண்டே பெடலு, கிரைண்டர் மாதிரி. சுவிட்சப் போட்டா அது பாட்டுக்குச் சுத்தும். நமக்கு அதுல என்ன வேலை? இஞ்சின் மூணாயிரத்துல உறுமறப்ப, காதுல கேட்டு, கிளட்ச்ச மிதிச்சு, படக்குனு அடுத்த கியரப் போட்டா ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, அதுக்குத்தானே இத்தனை பெரிய இஞ்சினு? இதெல்லாம் பொறுமையா அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அருள்ராஜும் மண்டைய ஆட்டினான். எல்லாத்தயும் கேட்டுட்டு, "எனக்கு ஆட்டோமேட்டிக்குதானுங்க வேணும். நானு ஓட்டறதுக்கு"ன்னா.

இவளுக்குக் காரு ஓட்டவே தெரியாதுங்க! அதச் சொன்னேன், அந்தத் தம்பி முன்னாலயே சொன்னேன். "தெரிஞ்சுக்குவேன்"னா.

நானு சொல்லிக் குடுக்காமயா இருந்தேன்? தொண்ணூத்தி ஆறுல, எங்ககிட்ட ஒரு பழைய பியட்டு இருந்துச்சு. கியரு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல இருக்கும். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பொட்டக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மூணு வாரம் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். எந்தப் புருசன் குடுப்பான்? கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியரப் போடுவா, கறகறன்னு பல்லு அரைக்கும். எனக்கு நெஞ்சுல அரைக்கற மாதிரி இருக்கும். கையில ஒரு ஸ்பேனரு வெச்சிருந்தேன், சும்மா, லேசா வெரல் மேல ஒரு தட்டு. தப்புப் பண்ணினா ஒரு தட்டு. அப்பத்தானே மறக்காது? எனக்கு எங்க முதலாளி அப்படித்தான் தொழிலு சொல்லிக் குடுத்தாரு. நாலாவது வாரம் வரமாட்டேன்னுட்டா. யோசிச்சுப் பாத்தா யாருக்கு நஷ்டம்? அவ எடது கை சுண்டு வெரலு கொஞ்சம் கோணலா நிக்கும். அது பொறவியிலயே அப்படித்தான்னு நெனைக்கறேன்.

அவ பேருலதான் புக்கிங்கு, அதனால ஆட்டோமேட்டிக்குன்னே எழுதிட்டு வந்தோம். வர மூணு மாசம் ஆகும்னாங்க. நானு ஒரு வாரம் சோறு சரியாத் தின்னல. கோவம் இல்லீங்க, வருத்தம். பேக்கரியில போயி என்னன்னு சொல்றது? என் சம்சாரம் ஓட்டுவா, நானு பக்கத்துல உக்காந்து ஜன்னல்ல கைய வெச்சுக்கிட்டு வருவேன்னா?

எட்டாம் நாளு ஷோரூமுக்குப் போனேன். "ஊட்டுல பேசி முடிவ மாத்திட்டோம், மேனுவலாக்கிருங்க"ன்னேன். அருள்ராஜு, "மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்"ங்கறான். வந்துச்சு பாருங்க எனக்கு. "ஏந்தம்பி, எங்கூட்டு மேடத்தப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். கப்புனு அடங்கிட்டான். அவ போனுக்கு ஒரு நம்பரு வரும், அதச் சொல்லோணும்னான். அது ஒரு பெரிய காரியமா? அவ போனு என் கையிலதான் இருந்துச்சு. காலையில குளிக்கப் போனா, எடுத்துட்டு வந்துட்டேன். நம்பரச் சொன்னேன், மெசேஜ அழிச்சேன், மத்தியானம் போனக் கொண்டு வந்து மேசை மேல வெச்சுட்டேன். "எங்கயோ வெச்சுட்டேன்னு தேடிக்கிட்டே இருந்தேனுங்க"ன்னா. "பொருள வெச்ச எடத்துல வெக்கோணும்"னு சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க அம்மணி. திருட்டுத்தனம் பண்ணினேன்னு நெனைக்கறீங்களா? அவ நல்லதுக்குத்தான். கலருல நானு கைய வெக்கல பாருங்க. மயில்கழுத்துக் கலரு கேட்டா, அதேதான் இருக்குது. எனக்குச் செவப்புதான் புடிக்கும். விட்டுக் குடுத்தேன். நியாயம்னா நியாயந்தான்.

வண்டி வந்துச்சு. எடுக்கப் போனோம். பட்டுச் சீலை கட்டிக்கிட்டு வந்தா. கல்யாணத்துக்குப் போற மாதிரி பூ வெச்சுக்கிட்டு. வண்டிக்கு மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். அட்டையில இத்தனை பெருசா ஒரு சாவி செஞ்சு அவ கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. அப்பறம் கதவத் தொறந்து டிரைவர் சீட்டுல உக்காந்தா. சீலைய ஒதுக்கிக்கிட்டு, கீழ குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"மூணு இருக்குதுங்களே"ன்னா.

அருள்ராஜு மூஞ்சி வெளிறிப் போச்சு. "மேடம், சார்தான்..."ன்னு இழுத்தான். நானு முன்னால போயி, "நாந்தான் மாத்தச் சொன்னேன். ஓட்டிப் பாரு, அப்பறம் நீயே நல்ல வேலை செஞ்சீங்கம்பே"ன்னேன். அந்த அட்டைச் சாவிய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பறம் எறங்கி, வண்டியச் சுத்தி வந்து, இந்தப் பக்கம் உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கிட்டா. "ஓட்டுங்க"ன்னா. அவ்வளவுதான். புடிச்சிருந்தாத்தானுங்க பேசாம இருப்பாங்க? புடிக்காட்டி நாலு பேரு முன்னால சத்தம் போட்டிருக்க மாட்டாளா?

ஊடு வர்ற வரைக்கும் நானு ஓட்டின ஓட்டு இருக்கே! அவிநாசி ரோட்ல பசங்க பைக்க நிறுத்திப் போட்டோ எடுத்தாங்க. திரும்பிப் பாத்தா இவ ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு வர்றா. அதுக்கப்பறம் இந்த வண்டியில அவ ஏறல. "இடுப்பு வலிக்குதுங்க, தாழ்வா இருக்குது"ம்பா. பொங்கியண்ணன் வந்தாரு, பேக்கரி மொதலாளி வந்தாரு, என் தம்பி வந்தான். ரெண்டு மாசம் ராஜா மாதிரி ஓட்டினேன்.

கிளட்ச்சு கொஞ்சம் கெட்டிங்க இதுல. ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் இருக்கும். ஊட்டுக்கு வந்தா எடது மூட்டு லேசாத் தீயாட்டம் எரியும். தைலம் போட்டா செரியாப் போயிரும்.

அன்னிக்கு ஒரு நாளு அவ அக்காவ ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. இவ ஆட்டோவுக்குப் போனு பண்ணிக்கிட்டு நின்னா. "ஊட்டுல இப்படி ஒரு வண்டிய வெச்சுக்கிட்டு ஆட்டோவா? ஏறு"ன்னு ஏத்திக்கிட்டேன். சாயங்காலம், மழைத் தூத்தல். மேம்பாலம் ஏறிப் பாதியில நிக்குது டிராபிக்கு. மேட்டுல. ஒரு அடி நவுறும், நிக்கும். கிளட்ச்ச மிதி, விடு, மிதி, விடு. முக்கா மணி நேரம். திடீர்னு கால் இழுத்துக்கிச்சுங்க. கல்லு மாதிரி ஆயிருச்சு. வண்டி குலுங்கி நின்னுருச்சு. ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணோணும்னா கிளட்ச்ச அமுக்கோணும், அமுக்காட்டி இது ஸ்டார்ட்டே ஆகாது. காலு வரமாட்டேங்குது. கையால தொடையப் புடிச்சு அமுக்கிப் பாத்தேன். பின்னால நூறு வண்டி. ஆரன்னா ஆரன், காதே போயிருச்சு. ஒருத்தன் கண்ணாடியத் தட்டி, "பெருசு, ஓட்டத் தெரியாட்டி எதுக்குடா வாங்கறீங்க?"ன்னான். என்னப் பாத்து! முப்பத்தெட்டு வருசம் வண்டி ஓட்டினவனப் பாத்து!

என்ன பண்றோம்னே தெரியாம இவளப் பாத்து, "மரகதம், நீ வந்து உக்காரு, கொஞ்சம் நவுத்து"ன்னுட்டேன்.

அவ என்னப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. டீக்குச் சக்கரை போதுமான்னு கேக்கற மாதிரித்தான் சொன்னா. "எனக்குக் கியர் வண்டி தெரியாதுங்களே மாமா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னா. மழை பேஞ்சுது.

அப்பறம் பின்னால ஸ்கூட்டருல வந்த ஒரு பொம்பளப் புள்ள எறங்கி வந்துச்சு. முதுகுல சோத்துப் பையி, ஊடு ஊடாக் கொண்டு போயிக் குடுப்பாங்களே, அந்த வேலை. இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணு வயசு இருக்கும். "எறங்குங்க அங்கிள், நானு ஓரங்கட்டறேன்"னுச்சு. பையக் கழட்டி மரகதத்துகிட்டக் குடுத்துட்டு ஏறி உக்காந்துச்சு. ஒரே தடவையில எடுத்துச்சுங்க. மேட்டுல, ஒரு குலுக்கல் இல்ல. நானு மழையில நொண்டிக்கிட்டே பின்னால நடந்து போறேன், பையும் இவளும் முன்னால காருல போறாங்க. கீழ நிறுத்திட்டு எறங்கி, "செம வண்டி அங்கிள், இந்த மாதிரி ஒண்ணு ஓட்டோணும்னு ரொம்ப நாளு ஆசை"ன்னு சொல்லிச்சு. இவ அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு, "எங்க கண்ணு பழகினே?"ன்னு கேக்கறா. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுங்கற வெசனம் துளிகூட இல்ல. என் காலப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் புள்ள என்னமோ பதில் சொல்லிச்சு, எனக்குக் காதுல விழுகல.

அன்னிக்கு நிறுத்தினதுதான். வெளியில எடுக்கல. மழைக்காலம் முடியட்டும், கால் செரியாகட்டும்னு துணி போட்டு மூடி வெச்சிருக்கறேன். காலையில துடைக்கறேன், வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன். கிளட்ச்சக் கையால அமுக்கிக்கலாம், ஒண்ணும் பெரிய விசயமில்ல. அப்படிக் கண்ணு மாதிரிப் பாத்துக்கிட்டு இருக்கற வண்டிய இவ விக்கறேன்னு போட்டிருக்கறா. இப்பச் சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்? ஒரு உபகாரம் பண்ணுங்க. அவளுக்குப் போனப் போட்டு, "பாத்தேன், புடிக்கல"ன்னு சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்கு நல்லதா ஒரு ஆட்டோமேட்டிக்கு நானே பாத்துச் சொல்றேன். பொம்பளைங்களுக்கு அதுதான் தோது.

என்னங்க அது? கையில என்ன?

இந்த வண்டிச் சாவி உங்க கையில எப்படி வந்துச்சு? இது பீரோவுல இருந்த ரெண்டாவது சாவியாச்சே. அவ குடுத்தாளா? எப்பக் குடுத்தா? போன வெள்ளிக்கெழமையா? வெள்ளிக்கெழமை பேரூர் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனா. பேப்பரெல்லாம் மாத்தியாச்சா? அவ கையெழுத்துப் போட்டா ஆயிருச்சா? என்ன ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?

நில்லுங்க, நில்லுங்க. உங்களுக்கு அவள எப்படிப் பழக்கம்?

டிரைவிங் ஸ்கூலா? நீங்க நடத்தறீங்களா? நீங்களேவா, ஊட்டுக்காரரு இல்லாமயா? ஓ. அந்தச் சோத்துப்பை புள்ள உங்ககிட்டப் பழகினதா. அன்னிக்கு அதத்தான் கேட்டாளாக்கும்.

இவளுக்கு எதுக்குங்க டிரைவிங் ஸ்கூலு? எப்பப் போனா? காலையில ஆறு மணிக்கா? காலையில அவ நடக்கத்தானே போனா! சக்கரைக்கு நடக்கோணும்னு டாக்டரு சொன்னாருன்னு, ஷூவெல்லாம் வாங்கிக்கிட்டு. நானு கதவத் தொறந்து விடுவேனுங்க தினமும். இருட்டுல பாத்துப் போன்னு சொல்லி அனுப்புவேன்.

எந்த வண்டியில பழகினா? கியர் வண்டியிலயா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, மூணு பெடலு இருக்கற வண்டியா? லைசென்சும் வந்துருச்சா?

அப்பறம் எதுக்குங்க இத விக்கறா? அதான் ஓட்டத் தெரிஞ்சு போச்சே! தெரியாம இருந்தப்ப விக்கறேன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்குது. தெரிஞ்சதுக்கப்பறம் எதுக்கு விக்கோணும்?

"அது நானு கேட்ட வண்டி இல்ல"ன்னாளா. அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலயா? என்னப் பத்தி? யோசிச்சுச் சொல்லுங்க, என்னப் பத்தி ஏதாவது சொல்லிருப்பா.

"அவரு பேசுவாரு, பேசி முடிக்கற வரைக்கும் உக்காந்திருங்க, அப்பறம் எடுத்துட்டுப் போங்க"ன்னாளா. அதுக்குத்தான் ஒரு மணி நேரமா இந்தச் சேருல உக்காந்திருக்கறீங்களாக்கும்.

அப்ப அன்னூரு? அவ அக்கா ஊடு? ஷோரூம்லயா? இன்னிக்கா எடுக்கறா? ஆட்டோமேட்டிக்கா. தனியாவா போனா? அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டா?

செரி.

எடுங்க. காயிதம் உங்க பேருல இருக்குது, நானு யாரு புடிச்சு வெக்க? துணிய நானே மடிக்கறேன், குடுங்க, நீங்க மடிச்சா மண்ணு ஒட்டும். இதுல எல் போர்டு மாட்டிப் புள்ளைங்கள ஓட்ட விடமாட்டீங்களே? உங்க சொந்த ஓட்டத்துக்குத்தானே? அது போதும். ரிவர்சுக்கு அந்த வளையத்த மேல தூக்கோணும். தெரியும்னு எனக்கும் தெரியுதுங்க, சொல்றதச் சொல்லோணுமில்ல. கேட்டத் தொறக்கறேன், பொறுங்க, என் காலு மெதுவாத்தான் வரும். ஆரன் அடிக்காதீங்க.

ம். நல்லாத்தான் எடுக்கறீங்க.

அம்மணி, ஒரு நிமிசம், கண்ணாடிய எறக்குங்க. கிளட்ச்ச முழுசா மிதிச்சுத்தான் போடறாளா அவ? மேட்டுலயெல்லாம் எடுக்கறாளா?

சிரிக்காதீங்க. கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டுப் போங்க.